ஆறு பக்கத்துக்கு ஒரு விலங்கு

அந்தக் கழுதையை நான் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் உண்டாக்கினேன். நாற்பது நிமிடம் ஆனது. நடுவில் ஒருமுறை எழுந்து தண்ணீர் குடித்தேன். வேறு சிரமம் எதுவும் இல்லை.

ஆறு வருடம் கழித்து, பக்கத்துத் தெருவில் கடைசல் பட்டறை வைத்திருப்பவர் என் வீட்டுக் கதவைத் தட்டி ஒரு தேர்வுத் தாளை நீட்டினார். கையெல்லாம் கிரீஸ். தாளின் ஓரத்தை மட்டும் இரண்டு விரலால் பிடித்திருந்தார். அவர் மகளின் வரலாற்றுத் தாள். பதினேழாம் கேள்வி: நூற்பாலைத் தீ விபத்தில் பின்கதவைத் திறந்து நூற்று அறுபத்து மூன்று பேரைக் காப்பாற்றியது யார்? பெண் எழுதியிருந்த விடை: என் அத்தை. அதன் மேல் சிவப்பு மையில் ஒரு பூஜ்யம். பக்கத்தில் ஆசிரியரின் குறிப்பு: 'கழுதை. பார்க்க: பக்கம் 42.'

"ஒரு மார்க்குதான் சார், போனா போகட்டும்னு விட்டிருப்பேன்," என்றார் பட்டறைக்காரர். "தப்பா எழுதிட்டேன்னு கையெழுத்து போட்டாதான் கிளாசுக்குள்ள விடுவோம்னு சொல்றாங்க. ஒன்பது நாளா வராண்டாவுல நிக்கிறா."

கையெழுத்துப் போடவேண்டிய வாசகத்தைப் பள்ளியே அச்சடித்துக் கொடுத்திருந்தது. 'என் அத்தை கதவை உடைக்கவில்லை. கழுதையே உதைத்தது. இனி இவ்வாறு எழுத மாட்டேன்.' பெண் போடுவாளா என்று கேட்டேன். அவள் அத்தை மாதிரி என்று மட்டும் சொன்னார்.

பிறகு, திட்ட வந்தவர் குரலில் இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்டார்: "நீங்க எங்க அக்காகிட்ட மூணு நாள் உக்காந்து பேசி டேப்புல எடுத்தீங்களே சார். நான்கூட டீ வாங்கியாந்தேன். அது வேற புத்தகமா?"

வேறு புத்தகம் இல்லை. இதே புத்தகம்தான்.

நான் பெரிய வரலாற்றாசிரியன் அல்ல. ஆராய்ச்சிப் படிப்பைப் பாதியில் விட்டவன். அதன்பின் ஒரு நாளிதழில் இரவுப் பணியில் பிழைதிருத்தினேன். அதையும் பாதியில் விட்டேன். விடாமல் செய்த ஒரே காரியம் பிள்ளைகளுக்குச் சரித்திரம் எழுதியது. அரசர்களின் பட்டியலைத் தூக்கி எறிந்துவிட்டு, இந்தச் சாலையை யார் போட்டார்கள், இந்தக் குழாயில் முதன்முதலில் தண்ணீர் வந்தபோது யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்று எழுதினேன். பிள்ளைகள் படித்தார்கள். ஒரு பையன், உங்கள் புத்தகத்தைக் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்துப் படித்து அடி வாங்கினேன் என்று கடிதம் போட்டான். அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன்.

பிள்ளைகளுக்கான எந்தச் சரித்திரப் புத்தகமும் பள்ளிக்குள் நுழைய இளம் வாசகர் வரலாற்று வாரியத்தின் முத்திரை வேண்டும். வாரியத்துக்கு எழுபத்து நான்கு விதிகள். ஒன்பதாம் விதி: ஆறு பக்கத்துக்கு ஒரு விலங்கு. பிள்ளைகளுக்கு விலங்கு பிடிக்கும் என்று ஒரு குழு கண்டுபிடித்தது. ஏன் ஆறு என்றால், குழுவில் ஆறு பேர். எனக்குத் தெரிந்த ஒருவர் அச்சு இயந்திரத்தின் வரலாற்றை எழுதி, ஒவ்வொரு இயந்திரத்தின் மேலும் ஒரு பூனையைத் தூங்கவைத்து முத்திரை வாங்கினார். இன்னொருவர் மலேரியாவைப் பற்றி எழுதினார். கொசு விலங்கா என்று தீர்மானிக்கப் பதினொரு மாதம் ஆனது. விலங்கு அல்ல என்று தீர்ந்தது. அவர் இப்போது காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்க்கிறார்.

என் நூற்பாலைப் புத்தகம் தொண்ணூற்றாறு பக்கம். பதினாறு விலங்கு தேவை, பதினைந்து இருந்தன. 37 முதல் 42 வரை ஒன்றுமில்லை. அது தீப்பிடித்த அத்தியாயம். பட்டறைக்காரரின் அக்கா அப்போது ஆலையில் கூட்டிப் பெருக்குகிறவர், வயது இருபத்தேழு. வேலை நேரத்தில் யாரும் வெளியே போகக்கூடாது என்று நிர்வாகம் பின்கதவை வெளியிலிருந்து பூட்டிவைப்பது வழக்கம். குப்பை கொட்ட வெளியே போயிருந்த அவர், புகையைப் பார்த்து, கடப்பாரையால் பூட்டை உடைத்தார். பூட்டு கொதித்துக்கொண்டிருந்தது. வலது கையால் பிடித்துப் பிடுங்கினார். நூற்று அறுபத்து மூன்று பேர் வெளியே வந்தார்கள். பதினொரு பேர் வரவில்லை.

வாரியம் கையெழுத்துப் பிரதியை இரண்டு குறிப்போடு திருப்பி அனுப்பியது. ஒன்று, விலங்கு இல்லை. இரண்டு, 'பூட்டை உடைப்பது இளம் வாசகருக்கு முன்மாதிரி ஆகாது. மேலும் பூட்டு என்றால் பூட்டியவர் யார் என்ற கேள்வி எழும். தவிர்க்கலாம்.'

தவிர்க்கலாம் என்றுதான் இருந்தது. தவிர்க்க வேண்டும் என்று இல்லை. அந்தத் தாளை நான் பலமுறை எடுத்துப் பார்த்திருக்கிறேன். யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை.

ஓர் எலியை ஓடவிட்டிருந்தால் முதல் குறிப்பு தீர்ந்திருக்கும். ஆனால் சரியான விலங்கு ஒன்று கிடைத்தால் இரண்டும் தீரும் என்று எனக்குத் தோன்றியது. வெப்பத்தில் கதவு இறுகிக்கொண்டது என்று எழுதினேன். பூட்டு போயிற்று, பூட்டியவர்களும் போனார்கள். வெளியே மேய்ந்துகொண்டிருந்த கழுதை ஒன்று மிரண்டு உதைத்தது. கதவு திறந்தது. பெருக்குகிற பெண் போனார்.

வெட்கக்கேடு என்னவென்றால், அது நன்றாக வந்தது. பின்னங்கால் இரண்டும் காற்றில் எழுந்த இடத்தை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். சிரித்தாள். சிரித்து முடித்து, "அந்தம்மா எங்க?" என்றாள். அடுத்த பதிப்பில் வருவார் என்றேன்.

முத்திரை விழுந்தது. அடுத்த ஆண்டே அந்த அத்தியாயம் பாடநூலில் சேர்ந்தது. அதன்பின் கழுதையை என்னால் பிடிக்க முடியவில்லை. வாரியம் அதைப் பற்றி ஒரு படக்கதை போட்டது, ஒரு வினா விடைத் தொகுப்பு போட்டது, வண்ணம் தீட்டும் புத்தகம் போட்டது. ஆணா பெண்ணா என்று முடிவுசெய்ய ஒரு துணைக்குழு அமைத்தது. ஒரு செங்கல் சூளைக்காரர் மேடையேறி, அது எங்கள் அப்பா வளர்த்த கழுதை என்று கண்ணீர் விட்டார். அவருக்குச் சால்வை போர்த்தினார்கள். நானும் மேடையில் இருந்தேன். கைதட்டினேன்.

வகுப்பில் ஆசிரியர்கள் பிள்ளைகளைக் கழுதை என்று திட்டக்கூடாது, அது வரலாற்று நாயகரை இழிவுசெய்வதாகும் என்று சுற்றறிக்கை வந்தது. எருமை என்று திட்டலாம் என்று அதிலேயே மாற்றுவழியும் இருந்தது. கழுதை கெட்டால் குட்டிச்சுவர் என்பார்கள். எங்கள் கழுதைக்கு வாரியத்தின் வளாகத்தில் வெண்கலச் சிலை எழுப்பி, நான்கு பக்கமும் சுவர் கட்டி, காவலாளி போட்டார்கள். முகம் தலைவரின் அறையைப் பார்த்து இருக்கவேண்டும் என்று தலைவர் சொல்லிவிட்டதால், உதைக்கும் கால்கள் பொதுமக்களைப் பார்த்து இருந்தன.

இதெல்லாம் நடந்த ஆறு வருடத்தில் அடுத்த பதிப்பு நான்குமுறை வந்தது. நான் அந்தம்மாவைச் சேர்க்கவில்லை. பட்டறைக்காரரிடம் இதைச் சொல்லவும் இல்லை. வாரியத்தில் பேசிப் பார்க்கிறேன் என்றேன்.

பிழைத் திருத்தப் பிரிவின் அதிகாரி நல்ல மனிதர். உட்காரச் சொன்னார். கழுதை என் கற்பனை, உண்மையில் உடைத்தது ஒரு பெண், அவர் உயிரோடு இருக்கிறார் என்றேன். குறித்துக்கொண்டார். ஒரு தகவலை நீக்க அது தவறென்று சொல்லும் மூன்று அச்சுச் சான்றுகள் தேவை என்றார். என்னிடம் அந்தம்மா பேசிய ஒலிநாடாக்கள் இருந்தன. ஒலி அச்சு அல்ல என்றார். எழுதிய நானே சொல்கிறேனே என்றேன். எழுத்தாளர் தன் புத்தகத்தைப் பற்றிப் பேசுவது தற்புகழ்ச்சியில் சேரும், சான்றில் சேராது என்றார்.

"நீங்க ஒருத்தர் கழுதை இல்லன்னு சொல்றீங்க. பதினாலு புத்தகம் இருக்குன்னு சொல்லுது. நான் யாரை சார் நம்பறது?"

"பதினாலும் என் புத்தகத்தைப் பாத்து எழுதினது சார்."

"அதைத்தான் சொல்றேன். அவ்ளோ நம்பகமான புத்தகம்."

எழுந்தபோது அவரே கூப்பிட்டு ஒரு வழி சொன்னார். அச்சுச் சான்று இல்லாவிட்டால் பொருட்சான்று ஒன்று கொடுக்கலாம். மூல நிகழ்வில் தொடர்புள்ள பொருளாக இருக்கவேண்டும். கொடுத்தால் திரும்பக் கிடைக்காது.

அந்தம்மாவின் வீட்டில் அந்தப் பொருள் இருப்பது எனக்குத் தெரியும். ஆறு வருடத்துக்கு முன் பார்த்திருக்கிறேன். தண்ணீர் டிரம்மின் மூடி பறக்காமலிருக்க அதன்மேல் வைத்திருந்தார். இப்போதும் அங்கேயேதான் இருந்தது. என் உள்ளங்கையைவிடப் பெரிய இரும்புப் பூட்டு. வளையம் பிய்ந்து ஒரு பக்கமாகக் கோணியிருந்தது.

அவர் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலைபார்க்கிறார். அப்போதுதான் வந்திருந்தார், உடம்பில் சோப்பு வாசனை. வலது உள்ளங்கை வழவழவென்று, ஒரு கோடுகூட இல்லாமல் இருந்தது. ரேகை பார்க்கிறவனிடம் நீட்டினால் அவன் தொழிலையே விட்டுவிடுவான் என்று முன்பு என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். தம்பி மகள் உள்ளறையில் உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

நான் விஷயத்தைச் சொன்னேன். பூட்டைக் கொடுத்தால் கழுதையை எடுத்துவிடுவார்கள், பெண்ணையும் வகுப்பில் சேர்த்துக்கொள்வார்கள் என்றேன். அவர் உள்ளறைப் பக்கம் பார்த்தார்.

"புத்தகம் வந்தப்ப இவளைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன் சார். இதோ வரப்போறேன், இதோ வரப்போறேன்னு கடைசிப் பக்கம் வரைக்கும் கேட்டேன்." டிரம்மின் மேலிருந்த பூட்டை எடுத்து முந்தானையால் துடைத்தார். "ஏன் சார், நான் கடப்பாரை எடுத்தது நல்லா இல்லியா?"

முப்பது வருடமாக எழுதுகிறேன். வாயில் வந்தது இதுதான்.

"கழுதை நல்லா வந்துச்சும்மா," என்றேன். வேறு உண்மை எதுவும் என்னிடம் இல்லை.

அவர் தலையாட்டினார். ஒப்புக்கொண்ட மாதிரிகூட இருந்தது. பூட்டை ஒரு துணிப்பையில் போட்டுக் கொடுத்துவிட்டு, டிரம்மின் மேல் ஒரு செங்கல்லை வைத்தார்.

இரண்டு வாரம் கழித்து விசாரணை. நீண்ட மேசைக்கு அந்தப்பக்கம் தலைவரும் ஆறு உறுப்பினர்களும். இந்தப்பக்கம் நான், அந்தம்மா, அவர் தம்பி. நடுவில் ஒரு தட்டில் பூட்டு. ஒரு மருத்துவ நிபுணர் அந்தம்மாவின் கையைப் பார்த்து, சூடான இரும்பைப் பிடித்ததால் இது ஏற்பட்டிருக்கலாம் என்றார். சூடான இரும்பைக் கழுதைக்கு அருகில் நின்றும் பிடித்திருக்கலாம் அல்லவா என்று ஓர் உறுப்பினர் கேட்டார். இருக்கலாம் என்றார் நிபுணர்.

தலைவர் பொறுமையாகப் பேசினார். அவர் கெட்டவர் அல்ல. பேரப்பிள்ளைகளின் படத்தைச் சட்டைப்பையில் வைத்திருப்பவர்.

"அம்மா, உங்களை நாங்க நம்பலைன்னு நினைச்சுக்காதீங்க. நம்பறோம். ஆனா ஒரு மனுஷி பூட்டை ஒடைச்சான்னு எழுதினா, யாரு பூட்டினது, எதுக்குப் பூட்டினாங்க, பதினோரு பேர் செத்ததுக்கு யாரு பதில் சொல்றதுன்னு பிள்ளைங்க கேக்கும். நாங்க எங்க போறது? கழுதைகிட்ட அந்தத் தொந்தரவு இல்ல. கழுதை யார் மேலயும் பழி போடாது. உதைச்சிட்டுப் போயிடும். பிள்ளைங்களுக்கு வரலாறுன்னா அப்படித்தான் இருக்கணும்."

ஆறு பேரும் தலையாட்டினார்கள். ஒருவர் எழுதிக்கொண்டார். பிறகு தலைவர் தன் சமரசத்தை வைத்தார். அடுத்த பதிப்பில் 'கழுதையை ஓட்டிவந்த பெண்' என்று ஒரு வரி சேர்க்கலாம். பெயர் வேண்டாம். படம் போடலாம், முகம் தெரியாமல்.

"நான் கழுதை ஓட்டல சார்," என்றார் அந்தம்மா. "பூட்டை ஒடைச்சேன்."

நான் எழுந்து, கழுதையை உருவாக்கியது நான்தான், புத்தகத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று சொன்னேன். ஆறு வருடத்தில் நான் செய்த ஒரே துணிச்சலான காரியம். வெளியே வந்தபோது பட்டறைக்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

தீர்மானம் பத்து நாளில் வந்தது. நூலாசிரியரின் வேண்டுகோளை ஏற்று அவர் பெயர் நீக்கப்படுகிறது. நூல் இனி வாரியத்தின் பெயரில் வெளிவரும். பொருட்சான்று ஏற்கப்படுகிறது, அது பூட்டு என்பது உறுதியாகிறது. ஆனால் பதினான்கு நூல்களின்படி கதவில் பூட்டு இல்லை. எனவே அது வேறு எதையோ பூட்டியது. மூல நிகழ்வில் கட்டி வைக்கத்தக்கதாக இருந்தது கழுதை ஒன்றே.

அதாவது, நான் எழுதியவனாக இருந்தவரை கழுதை ஒருவன் சொன்ன கதை. யாராவது ஒருநாள் சந்தேகப்பட ஓர் ஆள் இருந்தான். இப்போது அந்த ஆளும் இல்லை. யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்த விஷயம் ஆகிவிட்டது. அந்தம்மாவிடம் இருந்த ஒரே சாட்சியையும் நானே துணிப்பையில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

பெண் வராண்டாவில் நாற்பத்தோராம் நாள் நின்ற அன்று, அந்தம்மா பூட்டைப் பார்க்கவேண்டும் என்றார். மூவரும் போனோம். காலை பதினொரு மணி. சிலைக்குப் பின்னால் புதிதாக ஒரு காட்சிக்கூடம். நடுவில் கண்ணாடிப் பெட்டி, உள்ளே வெல்வெட் துணியில் அந்தப் பூட்டு. கீழே பித்தளைத் தகடு. படித்துச் சொல்லுமாறு அந்தம்மா என்னைத்தான் கேட்டார். தம்பியைக் கேட்கவில்லை.

"'கழுதையைக் கட்டியிருந்த சங்கிலியின் பூட்டு'," என்று படித்தேன். "'அன்பளிப்பு: பொதுமக்கள்'."

அந்தம்மா பெட்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பெட்டியின் கதவில் சின்னதாகப் புதுப் பூட்டு ஒன்று தொங்கியது. அதைக் கையில் தூக்கிப் பார்த்து எடை போட்டார். சலவைக்கூடத்தில் மூட்டையைத் தூக்கிப் பார்ப்பவர் முகத்தில் இருக்கும் அதே யோசனை.

"சார், ஒரு கடப்பாரை கிடைக்குமா?"

வெளியே வாரியத்துக்குப் புது மாடி கட்டிக்கொண்டிருந்தார்கள். மணல்மேட்டில் இரண்டு கடப்பாரை சாத்தியிருந்தது. நான் போய் ஒன்றை எடுத்துவந்தேன். எதிர்பார்த்ததைவிடக் கனம். பக்கம் 42-இன் முதல் வடிவத்தில், 'கடப்பாரையை எடுத்தார்' என்று இரண்டே சொல்லில் எழுதிவிட்டுப் போயிருந்தேன்.

ஒரே அடி. பூட்டு விழுந்தது. அந்தம்மா பெட்டியைத் திறந்து தன் பூட்டை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டபின்தான் காவலாளிக்கு விசில் ஞாபகம் வந்தது.

பிழைத் திருத்தப் பிரிவு அதிகாரியின் அறையிலேயே விசாரித்தார்கள். அறுபத்தோராம் விதிப்படி வாக்குமூலத்தைச் சொன்னது சொன்னபடி, ஒரு வார்த்தையும் விடாமல், மூன்று பிரதியாகத் தட்டச்சு செய்து முத்திரை வைக்கவேண்டும். தட்டச்சர் தாள் மாட்டினார். அதிகாரி முதலில் என்னைக் கேட்டார். யார் உடைத்தது?

அந்தம்மாவுக்கு ஓய்வுபெற இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. வழக்கு வந்தால் ஆஸ்பத்திரி வேலை போகும். இதைத்தான் நான் யோசித்தேன் என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன். ஜன்னல் வழியாகச் சிலையின் பின்னங்கால்கள் தெரிந்தன.

"தெரியல சார்," என்றேன். "கழுதை ஏதாவது புகுந்திருக்கும்."

இந்தமுறை நாற்பது நிமிடம்கூட ஆகவில்லை. தட்டச்சர் அப்படியே அடித்தார்.

அந்தம்மா திரும்பி என்னைப் பார்த்தார். கோபமில்லை. பழக்கப்பட்ட ஆளைப் பார்க்கிற பார்வை. பிறகு நாற்காலியைத் தட்டச்சர் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, தன் பெயரைச் சொன்னார். அப்பா பெயரைச் சொன்னார். தட்டச்சர் அடித்துமுடிக்கும்வரை காத்திருந்தார்.

"நான்தான் ஒடைச்சேன். இதையும் ஒடைச்சேன், முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னாடி ஆலையோட பின்கதவுப் பூட்டையும் நான்தான் ஒடைச்சேன். அதைப் பூட்டினது நிர்வாகம். சாவி மேனேஜர்கிட்ட இருந்துச்சு. அன்னிக்கு உள்ள மாட்டிக்கிட்டவங்க பேரு சொல்றேன், எழுதிக்குங்க." பதினொரு பெயரையும் சொன்னார். எதையும் யோசித்துச் சொல்லவில்லை. ஒலிநாடாவில் எனக்கும் அதே வரிசையில்தான் சொல்லியிருந்தார்.

அதிகாரி தட்டச்சரை நிறுத்தப் பார்த்தார். தட்டச்சர் அறுபத்தோராம் விதியைச் சுட்டிக்காட்டினார். மூன்று பிரதி. மூன்றிலும் வாரியத்தின் முத்திரை. ஒன்று கோப்புக்கு, ஒன்று காவல் நிலையத்துக்கு, ஒன்று குற்றம் சாட்டப்பட்டவருக்கு.

மூன்றாவது பிரதியை மறுநாள் பெண் பள்ளிக்கு எடுத்துப்போனாள். முத்திரை இருந்ததால் தலைமை ஆசிரியருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. விளக்கம் வரும்வரை உட்காரட்டும் என்றார். விளக்கம் இன்னும் வரவில்லை. உட்கார்ந்திருக்கிறாள். அவள் அத்தை வேலையிலிருந்து நீக்கப்பட்டு, மாதம் இருமுறை நீதிமன்றம் போய்வருகிறார். அந்தப் பூட்டு காவல் நிலையத்தில் இருக்கிறது. நான் புதிதாக எதுவும் எழுதவில்லை.

போன வாரம் பெண் அந்தப் பிரதியை என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். விதிப்படி வாக்குமூலங்களைத் தனித்தனியாகப் பிரிக்கக்கூடாதாம். முதல் பக்கத்தில் இருப்பது என்னுடையது. ஒரே வரி. கீழே என் கையெழுத்து, வாரியத்தின் முத்திரை.

"உங்களுது மட்டும் இதுல தப்பா இருக்கு சார்," என்றாள். சிவப்புப் பேனாவை நீட்டினாள்.